பைத்தான் லிஸ்ட், டிக்ட் ரெண்டையும் சி கோடுல தொட்டா கிராஷ் ஆகுது, டெக்ரெஃப்பை எடுத்தா மெமரி ஏறுது, எது சரி?

எழுத்தெண்ணி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா ஒரே இடத்துல நிக்கிறேன், யாராச்சும் பார்த்து சொல்லுங்க.

எங்க சித்தப்பாவுக்கு கை நடுக்கம். போன்ல நாலு வார்த்தை டைப் பண்றதுக்குள்ள அவருக்கு வேர்த்துடுது, பாதிலயே போனை கீழ வச்சிடறாரு. அவருக்காக பெரிய பெரிய பட்டன் வச்ச தமிழ் கீபோர்ட் ஒண்ணு பண்ணிட்டு இருக்கேன், எந்த எழுத்து அதிகமா வருதோ அது கட்டைவிரலுக்குப் பக்கத்துலயே இருக்கணும். அதனால முதல்ல எழுத்துகளை எண்ணணும். யூனிகோட் கோடு பாயிண்ட்டை (ஒவ்வொரு குறிக்கும் கம்ப்யூட்டர்ல இருக்கற எண்) எண்றது இல்ல, நாம பள்ளிக்கூடத்துல படிச்ச எழுத்து, "கி" ஒண்ணு, "க்" ஒண்ணு, அப்படி. தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளை ஒரே ஃபைலா சேர்த்து வச்சிருக்கேன், சுமார் 12 லட்சம் வார்த்தை. பைத்தான்ல எழுதினது ஓடுது, ஆனா எண்ற முறைய கொஞ்சம் மாத்தினாலும் திரும்ப உட்கார்ந்து காத்திருக்கணும், அதான் எண்ற பகுதிய மட்டும் சி எக்ஸ்டென்ஷனா (பைத்தான்ல இருந்து கூப்பிடற சி கோடு) எழுதலாம்னு இறங்கினேன்.

மொபைல்ல இருந்து எழுதறேன், கோடு ஒட்ட முடியல, வார்த்தைலயே சொல்லிடறேன். பைத்தான் 3.12, லினக்ஸ். ஃபங்ஷனுக்கு வார்த்தைகளோட லிஸ்ட் வரும். பைலிஸ்ட்_கெட்ஐட்டம் வச்சு ஒவ்வொரு வார்த்தையா எடுக்கறேன், பையூனிகோட்_ஏஸ்யூடிஎஃப்8 வச்சு பைட்டா மாத்தி எழுத்து எழுத்தா வெட்டறேன், வெட்டின ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்ட்ரிங் ஆப்ஜெக்ட் உருவாக்கி, டிக்ட்ல (ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பு வச்சிருக்கற அகராதி) ஏற்கனவே எவ்ளோ இருக்குன்னு பார்த்து, ஒண்ணு கூட்டி, பைலாங்_ஃப்ரம்லாங் போட்டு பைடிக்ட்_செட்ஐட்டம் பண்றேன். லூப்போட கடைசி வரில அந்த வார்த்தைக்கு ஒரு பை_டெக்ரெஃப் (ஆப்ஜெக்ட்டைப் பிடிச்சிருக்கறவங்க எண்ணிக்கைல ஒண்ணு கழிக்கறது). எடுத்ததை திருப்பிக் கொடுக்கணும்னு படிச்சேன், அதனால போட்டேன்.

என்ன ஆகுதுன்னா, கோடுலயே பத்து வார்த்தை எழுதி டெஸ்ட் பண்ணா அழகா வேலை செய்யுது, எண்ணிக்கை சரியா வருது. ஃபைல்ல இருந்து படிச்சு ஸ்ப்ளிட் பண்ணி கொடுத்தா செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத மெமரியத் தொட்டு ப்ரோக்ராம் செத்துடறது). அதுவும் என் ஃபங்ஷன்ல இல்ல, அது முடிஞ்சு வெளிய வந்து வேற எங்கயோ. சரின்னு அந்த டெக்ரெஃப்பை எடுத்துட்டேன், கிராஷ் நின்னுடுச்சு, ஆனா ஃபங்ஷன் முடியும்போது மெமரி 600 எம்பி கிட்ட கூடி நிக்குது, டிக்டை டெலிட் பண்ணாலும் இறங்கல. அப்ப டெக்ரெஃப் வேணுமா வேணாமா? ஒரே குழப்பமா இருக்கு.

---

துணைநூல் பதில்:

நண்பா சி எதுக்கு? பைத்தானோட கலெக்ஷன்ஸ் மாட்யூல்ல இருக்கற கவுன்ட்டர் உள்ளுக்குள்ள ஏற்கனவே சி-லதான் எண்ணுது. ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் போட்டு எழுத்துகளா பிரிச்சு, அதை அப்படியே கவுன்ட்டர்கிட்ட கொடுத்துடுங்க, பத்து வரில முடியும். அதுவும் பத்தலன்னா சைத்தான்ல எழுதுங்க, பைத்தான் மாதிரியே எழுதலாம், இந்த ரெஃபரன்ஸ் எண்ற வேலைய அதுவே பார்த்துக்கும். சி++ தெரிஞ்சா பைபைண்ட்11, ரஸ்ட் தெரிஞ்சா பைஓ3. 2025ல கையால டெக்ரெஃப் எழுதறது தேவையில்லாத தலைவலின்னு நான் உண்மையாவே நினைக்கிறேன்.

---

பழைய_சி_கை பதில்:

துணைநூல் சொல்றது நல்ல யோசனைதான், வேலை முடிஞ்சா போதும்னா அந்த வழியில போகலாம். ஆனா தம்பி கேட்ட கேள்விக்கு அது பதில் இல்ல. சைத்தான் எழுதினாலும் என்னிக்காவது அது உருவாக்கின சி ஃபைலைத் திறந்து பார்க்க வேண்டி வரும், அன்னிக்கு இது தெரியாம ஒண்ணும் புரியாது. அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

தம்பி, உங்க கோடுல ரெண்டு தப்பு இருக்கு, ரெண்டும் எதிரெதிர் திசைல. ஒரு இடத்துல உங்களுது இல்லாததைக் கொடுத்துட்டீங்க, இன்னொரு இடத்துல உங்களுதைக் கொடுக்காம விட்டுட்டீங்க. அதனாலதான் ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு தெரியுது.

சிபைத்தான்ல (நாம வழக்கமா ஓட்டற, சி-ல எழுதின பைத்தான்) எந்த ஆப்ஜெக்ட்டா இருந்தாலும், எண்ணோ ஸ்ட்ரிங்கோ லிஸ்ட்டோ, அதோட தலைல ரெண்டு விஷயம் இருக்கும். இதை எத்தனை பேர் பிடிச்சிட்டு இருக்காங்கங்கற எண்ணிக்கை, இது என்ன டைப்புங்கற பாயிண்டர் (மெமரி முகவரி). 64 பிட் மெஷின்ல ஆளுக்கு 8 பைட். எண்ணிக்கை சைபர் ஆன அந்த நிமிஷமே ஆப்ஜெக்ட் அழிக்கப்படும். பைத்தான் கோடு எழுதும்போது இந்தக் கணக்கை இன்டர்பிரிட்டர் பார்த்துக்குது, சி-ல நுழைஞ்சிட்டா நீங்கதான் கணக்குப்பிள்ளை.

இதுல ஒரு ஃபங்ஷனுக்கும் உங்களுக்கும் நடுவுல மூணு விதமான கொடுக்கல் வாங்கல் உண்டு. முதலாவது சொந்தம், ஃபங்ஷன் உங்களுக்கு ஒரு பங்கை எழுதிக் கொடுத்துடும், வேலை முடிஞ்சதும் நீங்க டெக்ரெஃப் பண்ணியே ஆகணும். பைலாங்_ஃப்ரம்லாங், ஸ்ட்ரிங் உருவாக்கற ஃபங்ஷன் எல்லாம், பைசீக்வென்ஸ்_கெட்ஐட்டம், இதெல்லாம் அந்த வகை. ரெண்டாவது இரவல், "பார்த்துக்கோ, ஆனா உன்னுது இல்ல". பைலிஸ்ட்_கெட்ஐட்டம், பைட்யூப்பிள்_கெட்ஐட்டம், பைடிக்ட்_கெட்ஐட்டம் இந்த வகை. இரவல் வாங்கின புத்தகத்தை பழைய பேப்பர் கடைல போடக்கூடாது, நீங்க லூப் கடைசில பண்ணது அதுதான். லிஸ்ட் வச்சிருந்த பங்கை நீங்க கழிச்சிட்டீங்க, வார்த்தை அழிஞ்சிடுச்சு, லிஸ்ட்டுக்கு அது தெரியாது, அது இன்னமும் அந்த பழைய முகவரியையே பிடிச்சிட்டு இருக்கு. அப்புறம் லிஸ்ட்டை அழிக்கப் போகும்போது வெடிக்குது, அதனாலதான் உங்க ஃபங்ஷனை விட்டு வெளிய வந்து கிராஷ்.

மூணாவது, ஃபங்ஷன் உங்க பங்கை எடுத்துக்கறது. பைலிஸ்ட்_செட்ஐட்டம், பைட்யூப்பிள்_செட்ஐட்டம் ரெண்டும் நீங்க கொடுத்த ஆப்ஜெக்ட்டோட பங்கை தனக்குன்னு எடுத்துக்கும், அதுக்கப்புறம் நீங்க டெக்ரெஃப் பண்ணக்கூடாது. ஆனா பைடிக்ட்_செட்ஐட்டம் அப்படி இல்ல! அது தனக்குன்னு தனியா ஒரு பங்கு கூட்டிக்கும், உங்க பங்கு உங்ககிட்டயே நிக்கும். பைலிஸ்ட்_அப்பெண்டும் அப்படித்தான், லிஸ்ட்டுக்கே செட் ஒரு விதம் அப்பெண்ட் ஒரு விதம். பேரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது தம்பி, அதிகாரபூர்வ டாக்குமென்டேஷன்ல ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ரிட்டர்ன் வேல்யூன்னு போட்டு புது ரெஃபரன்ஸா இரவல் ரெஃபரன்ஸான்னு எழுதியிருப்பாங்க, ஒவ்வொரு தடவையும் அதைத் திறந்து பாருங்க. நான் இன்னிக்கும் பார்க்கறேன்.

உங்க மெமரி ஏறினது இதனால. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஸ்ட்ரிங் சாவி, ஒரு எண் மதிப்பு உருவாக்கறீங்க, டிக்ட்ல வைக்கறீங்க, உங்க பங்கை விடவே இல்ல. "க்" ஏற்கனவே டிக்ட்ல இருந்தா டிக்ட் தன்னோட பழைய சாவியையே வச்சுக்கும், நீங்க புதுசா உருவாக்கின "க்" யாருக்கும் வேண்டாம மெமரில கிடக்கும். கணக்கு போட்டுப் பாருங்க. 3.12ல ஒரு தமிழ் எழுத்து ஸ்ட்ரிங் 60 பைட் (ஒரே கோடு பாயிண்ட்டா இருந்தா), ரெண்டு கோடு பாயிண்ட்னா 62, ரெண்டுக்கும் அலோகேட்டர் (மெமரி பிரிச்சுக் கொடுக்கற பகுதி) ஒதுக்கறது 64. எண் 28 பைட், அதுக்கு 32. வார்த்தைக்கு அஞ்சு எழுத்துன்னு வச்சா 12 லட்சம் வார்த்தைக்கு 60 லட்சம் எழுத்து, 60 லட்சம் தடவை 96 பைட், 576 எம்பி. நீங்க சொன்ன 600க்கு கிட்ட வந்துடுச்சா?

இப்ப முக்கியமான விஷயம், சின்ன டெஸ்ட் ஏன் உங்களை ஏமாத்துச்சு. கோடுலயே எழுதின வார்த்தைகளை லிஸ்ட் மட்டும் பிடிச்சிட்டு இல்ல, அந்த கோடு ஆப்ஜெக்ட்டும் மாறிலிகளோட பட்டியல்ல பிடிச்சிட்டு இருக்கு. ஒரு பங்கை நீங்க தப்பா கழிச்சாலும் இன்னொண்ணு மிச்சம் இருக்கு, உடனே சாகாது. ஸ்ப்ளிட்ல வந்த வார்த்தைக்கு லிஸ்ட்டை விட்டா வேற நாதி கிடையாது. அதே மாதிரி மெமரி கசிவும் சின்ன டெஸ்ட்ல தெரியாது, ஏன்னா -5ல இருந்து 256 வரைக்கும் உள்ள எண்களை பைத்தான் முன்னாடியே செஞ்சு வச்சிருக்கு, பத்து வார்த்தைல எந்த எழுத்தும் 256ஐ தாண்டப் போறதில்ல. இன்னொண்ணு, இது தமிழ் மாதிரி மொழில வேலை பண்றவங்களுக்கு வர்ற சிக்கல். இங்கிலீஷ் எழுத்து ஒண்ணை ஸ்ட்ரிங்கா உருவாக்கினா புதுசா எதுவும் உருவாகாது, 256க்கு கீழ உள்ள ஒற்றை எழுத்துகளையும் அது தயாரா வச்சிருக்கு. தமிழுக்கான இடமே 2944லதான் ஆரம்பிக்குது, அதுக்கு அந்த சலுகை இல்ல, ஒவ்வொரு "அ"வும் புது ஆப்ஜெக்ட். இதே கோடை இங்கிலீஷ் ஃபைல்ல ஓட்டியிருந்தா சாவி கசிவு உங்க கண்ணுக்கே பட்டிருக்காது.

அதனால பண்ண வேண்டியது: வார்த்தைக்குப் போட்ட டெக்ரெஃப்பை எடுங்க, சாவிக்கும் மதிப்புக்கும் செட்ஐட்டம் முடிஞ்சதும் டெக்ரெஃப் போடுங்க. செட்ஐட்டம் தோத்தாலும் அந்த ரெண்டு டெக்ரெஃப் நடக்கணும், இல்லாட்டி எர்ரர் வழில கசியும்.

---

யாழ்_இரவு பதில்:

எனக்கும் உப்பிடி ஒருக்கா வந்தது, கிராஷ் வேற இடத்தில காட்டும், பிழை வேற இடத்தில இருக்கும். பிடிக்கிறதுக்கு ரெண்டு வழி சொல்லுறன். முதலாவது, பைத்தானை எக்ஸ் ஃபால்ட்ஹேண்ட்லர் எண்ட தெரிவோட ஓடவிடுங்கோ, செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தாலும் பைத்தான் பக்கத்தில எந்த வரியில நிண்டது எண்டு எழுதிக் காட்டும், 3.3இல இருந்தே இருக்கு. ரெண்டாவது, பைத்தான்மேலாக் எண்ட சூழல் மாறிக்கு டீபக் எண்டு குடுங்கோ. அப்ப விடுவிச்ச மெமரி எல்லாத்தையும் 221 எண்ட பைட்டால நிரப்பி வைக்கும், ஹெக்ஸில பாத்தா டிடி டிடி எண்டு வரிசையாத் தெரியும். ஜிடிபியில (பிழை தேடுற டீபக்கர்) ஒரு பாயிண்டரைப் பாத்து உள்ளுக்க முழுக்க டிடி எண்டு இருந்தால் அது செத்த ஆப்ஜெக்ட், வேற யோசிக்கத் தேவையில்லை. வால்கிரைண்ட் (மெமரிப் பிழை பிடிக்கிற கருவி) பாவிக்கிறதெண்டால் அதே மாறிக்கு மேலாக் எண்டு குடுக்கவேணும், இல்லாட்டி பைத்தானின்ர சொந்த அலோகேட்டர் நடுவில நிண்டு வால்கிரைண்டுக்கு சரியாத் தெரியவிடாது.

பைத்தானை டீபக் பில்டா (பிழை தேடுறதுக்கெண்டு கட்டுற பதிப்பு) கட்டி எடுத்தால் இன்னும் நல்லம், சிஸ் மாட்யூலில கெட்டோட்டல்ரெஃப்கவுன்ட் எண்டு ஒண்டு கிடைக்கும், எல்லா ஆப்ஜெக்ட்டின்ர எண்ணிக்கையையும் கூட்டிச் சொல்லும். ஃபங்ஷனை ஒரே லிஸ்ட்டோட பத்துத் தரம் கூப்பிட்டு ஒவ்வொரு தரமும் அந்த எண் கூடுதா எண்டு பாருங்கோ. கூடிக்கொண்டே போனால் கசிவு, குறைஞ்சுகொண்டே போனால் இரவலை விடுறியள்.

---

எழுத்தெண்ணி எழுதியது:

அண்ணே ரொம்ப நன்றி, சொன்ன மாதிரியே மாத்தினேன், கிராஷும் இல்ல மெமரியும் ஏறல. இரவல் விஷயம் இவ்ளோ தெளிவா எங்கயும் படிக்கல. யாழ்_இரவு, அந்த டீபக் மாறிய போட்டு பழைய கோடை ஓட்டிப் பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரியே டிடி வரிசை, பார்த்ததும் ஆடிப்போயிட்டேன், நன்றி.

ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, சி-ல எழுதியும் நினைச்ச அளவு வேகம் இல்ல, பைத்தானோட பாதி நேரம்தான் குறைஞ்சிருக்கு. ரெண்டு, "கொ" சில இடத்துல ஒரு எழுத்தா வருது சில இடத்துல "கெ" தனியா "ா" தனியா வருது. நாலு த்ரெட் (ஒரே ப்ரோக்ராமுக்குள்ள பக்கத்துல பக்கத்துல ஓடற வேலைகள்) போட்டு லிஸ்ட்டை நாலா பிரிச்சு ஓட்டினா வேகம் வருமா?

---

மாடிவீடு பதில்:

த்ரெட் வேண்டாம் ப்ரோ, இப்ப இருக்கற கோடுக்கு அதனால எந்த லாபமும் வராது. 3.12ல ஜிஐஎல் இருக்கு (ஒரு நேரத்துல ஒரு த்ரெட்டை மட்டும் பைத்தான் ஆப்ஜெக்ட்டைத் தொட விடற பூட்டு), லிஸ்ட்டையோ டிக்டையோ தொடற எந்த வரியும் ஜிஐஎல் பிடிச்சிட்டுதான் ஓடணும், நாலு த்ரெட்டும் ஒண்ணுக்காக ஒண்ணு காத்துட்டு நிக்கும். ஜிஐஎல்லை விட்டுட்டு லிஸ்ட்டைத் தொட்டா திரும்பவும் பழைய கிராஷ்தான், அதைவிட மோசமா.

உங்க வேகம் போற இடம் வேற. லூப்புக்குள்ள 60 லட்சம் தடவை ஸ்ட்ரிங் உருவாக்கறீங்க, ஹாஷ் (டிக்ட்ல இடம் கண்டுபிடிக்கற எண்) போடறீங்க, டிக்ட்ல தேடறீங்க, எண் உருவாக்கறீங்க, எல்லாத்தையும் அழிக்கறீங்க. பைத்தானும் அதையேதான் பண்ணுது, நீங்க அதை சி-ல எழுதி வச்சிருக்கீங்க அவ்ளோதான். சி-க்கு வந்ததோட பலன் பைத்தான் ஆப்ஜெக்ட்டைத் தொடாம வேலை பார்க்கறதுலதான் இருக்கு.

தமிழுக்கு இது ரொம்ப சுலபம், எப்படின்னு சொல்றேன். யூனிகோட்ல தமிழுக்கு ஒதுக்கினது 2944ல இருந்து 3071 வரைக்கும், மொத்தம் 128 இடம். ஒரு எழுத்துன்னா ஒரு அடிப்படை (உயிரோ அகரமேறிய மெய்யோ), அதுக்குப் பின்னாடி ஒரு துணைக்குறியோ புள்ளியோ இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதனால 128க்கு 128 கட்டம் ஒண்ணு சி-ல எடுங்க, மொத்தம் 16384 கட்டம், கட்டத்துக்கு 8 பைட்னா 128 கேபி, அவ்ளோதான். வரிசை எண் அடிப்படை மைனஸ் 2944, நெடுவரிசை எண் குறி மைனஸ் 2944, குறி இல்லன்னா நெடுவரிசை சைபர். 2944ங்கற இடத்துல எந்த எழுத்தும் இல்ல, காலியாதான் விட்டிருக்காங்க, அதனால சைபரை தைரியமா எடுத்துக்கலாம். குறிகள் 3006ல இருந்து 3021 வரைக்கும், 3021தான் புள்ளி, அப்புறம் 3031ல ஔ-வோட நீட்சிக்குறி தனியா ஒண்ணு இருக்கு. லூப்ல ஒரு எழுத்தைப் படிங்க, 128க்குள்ள இல்லன்னா தாண்டுங்க, அடுத்தது குறியா பாருங்க, குறின்னா ரெண்டையும் சேர்த்து அந்தக் கட்டத்துல ஒண்ணு கூட்டி ரெண்டு அடி நகருங்க, இல்லன்னா ஒரு அடி. முழு லூப்லயும் ஒரு பைத்தான் ஆப்ஜெக்ட் கூட பிறக்காது, சாகாது, இன்க்ரெஃப் (எண்ணிக்கைல ஒண்ணு கூட்டறது), டெக்ரெஃப் எதுவும் இல்ல.

படிக்கறதுக்கு யூடிஎஃப்8ஆ மாத்தவே மாத்தாதீங்க. பைத்தான் 3.3ல இருந்து ஸ்ட்ரிங் உள்ளுக்குள்ள எழுத்துக்கு 1, 2 அல்லது 4 பைட்னு மூணு அகலத்துல ஒண்ணுல இருக்கும், அந்த ஸ்ட்ரிங்ல உள்ள பெரிய எழுத்து எதுவோ அதைப் பொறுத்து. தமிழ் வார்த்தைன்னா 2 பைட். "அம்மா"ங்கறது 5 கோடு பாயிண்ட், உள்ள 10 பைட். அதையே யூடிஎஃப்8 கேட்டா எழுத்துக்கு 3 வீதம் 15 பைட் புதுசா உருவாக்கி, அதை அந்த ஸ்ட்ரிங்கோடயே ஒட்டி வச்சிடும், வார்த்தை சாகற வரைக்கும் அதுவும் மெமரில இருக்கும். 12 லட்சம் வார்த்தைக்கும் இப்படி ரெண்டாவது பிரதி எதுக்கு? பையூனிகோட்_கைண்ட், பையூனிகோட்_டேட்டா ரெண்டையும் ஒரு தடவை வாங்கிட்டு பையூனிகோட்_ரீட் வச்சு நேரா படிங்க. ஒரு எமோஜி கலந்த வார்த்தை வந்தா 4 பைட் ஆயிடும், ரீட் அதையும் பார்த்துக்கும், நீங்களா 2 பைட்னு முடிவு பண்ணிடாதீங்க.

கடைசில கட்டத்துல சைபர் இல்லாததுக்கு மட்டும் சாவி செஞ்சு டிக்ட்ல போடுங்க. தமிழ் எழுத்து 247, கிரந்தம் சேர்த்தா கொஞ்சம் கூட வரும், சில நூறு ஆப்ஜெக்ட், அவ்ளோதான். சாவிக்கு பையூனிகோட்_ஃப்ரம்கைண்ட்அண்ட்டேட்டா போதும். அங்க மட்டும் பழைய_சி_கை சொன்ன டெக்ரெஃப் ஒழுங்கு. தமிழ் எண்களும் அந்த 128க்குள்ளதான் இருக்கு, 3046ல இருந்து, வேண்டாம்னா அங்க கழிச்சுடுங்க.

"கொ" பிரச்சனை சி-ல தீர்க்கற விஷயம் இல்ல. ஒகரக் குறிய 3018ன்னு ஒரே கோடு பாயிண்ட்டாவும் எழுதலாம், 3014ம் 3006ம் அடுத்தடுத்து ரெண்டாவும் எழுதலாம், திரைல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். ஃபைலைப் படிச்சதும் யூனிகோட்டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ் பண்ணுங்க, என்எஃப்சி கொடுத்தா ரெண்டா இருக்கறது ஒண்ணாயிடும். ஃபைலுக்கு ஒரு தடவை பண்ணா போதும்.

---

துணைநூல் பதில்:

மாடிவீடு சொன்ன கட்டம் யோசனை அருமை, இதுக்கு சி எழுதறது நியாயம்தான், நான் முன்னாடி சொன்னதை மாத்திக்கறேன். ஒரு சந்தேகம், க்ஷ என்ன ஆகும்? அப்புறம் ஸ்ரீ?

---

மாடிவீடு பதில்:

க்ஷ "க்" ஒண்ணு "ஷ" ஒண்ணுன்னு பிரிஞ்சு விழும், ஸ்ரீ "ஸ்" "ரீ"ன்னு விழும். கீபோர்ட்ல அதுக்கு தனி பட்டன் வைக்கப் போறாரான்னு அவர்தான் சொல்லணும், வச்சா அதை மட்டும் லூப்ல தனியா பார்க்கணும்.

---

பழைய_சி_கை பதில்:

மாடிவீடு சொன்னதுல ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லிடறேன், ஏன்னா இதை நான் பட்டு தெரிஞ்சுகிட்டேன். இரவல் வாங்கினதை வச்சிட்டு நடுவுல பைத்தான் கோடு எதுவும் ஓடாத வரைக்கும்தான் அது பத்திரம். தம்பியோட லூப்ல இப்ப அப்படி எதுவும் ஓடல, அதனால சரி.

முன்னாடி ஒரு இடத்துல வேலை பார்த்தப்ப பில்லிங் மென்பொருள் ஒண்ணுக்கு எக்ஸ்டென்ஷன் எழுதினேன். லிஸ்ட்ல இருந்து ஒரு பில்லை இரவலா எடுப்பேன், பயனர் கொடுத்த பைத்தான் ஃபங்ஷனை கூப்பிடுவேன், அது முடிஞ்சதும் அதே பில்லோட தொகைய படிப்பேன். வருஷம் பூரா ஒழுங்கா ஓடுச்சு. ஒரு வாடிக்கையாளர் தன் ஃபங்ஷனுக்குள்ள அதே லிஸ்ட்டை காலி பண்ற மாதிரி எழுதியிருந்தார், மாசக் கடைசில மட்டும் அந்த வரி ஓடும். லிஸ்ட் காலியானதும் பில் செத்துடுச்சு, நான் செத்த மெமரில தொகைய படிச்சேன். கிராஷ் ஆகியிருந்தா கூட பரவாயில்ல, சில தடவை கிராஷ் ஆகாம தப்பான எண்ணைப் படிச்சிடுச்சு. யாரோ ஒருத்தரோட பில்லுல யாரோ ஒருத்தரோட தொகை. அதைக் கண்டுபிடிச்சு திருத்தி எல்லாருக்கும் திரும்ப கணக்கு அனுப்பி முடிக்க ரெண்டு வாரம். தீர்வு ஒரே வரிதான், இரவலா வாங்கினதும் ஒரு இன்க்ரெஃப், வேலை முடிஞ்சதும் டெக்ரெஃப்.

பைத்தான் கோடு ஓடற இடம்னா நேரா கூப்பிடற ஃபங்ஷன் மட்டும் இல்ல தம்பி. நீங்க போடற ஒரு டெக்ரெஃப்பே ஒரு ஆப்ஜெக்ட்டை அழிச்சு அதோட டெல் மெத்தடை (ஆப்ஜெக்ட் சாகும்போது ஓடற கோடு) ஓட்டலாம். டிக்ட்ல தேடும்போது சாவி சொந்த கிளாஸா இருந்தா அதோட ஹாஷ், ஈக்வல் மெத்தட் ஓடும். லிஸ்ட்ல ஒரு இடத்துல புதுசை வச்சா பழசு செத்து அதோட டெல் ஓடும். ஸ்ட்ரிங் மட்டும் உள்ள லிஸ்ட்ல இந்த பயம் இல்ல, ஆனா லிஸ்ட்ல ஸ்ட்ரிங் மட்டும்தான் இருக்குன்னு நீங்க செக் பண்ணணும். பையூனிகோட்_செக் போட்டு இல்லன்னா டைப்எர்ரர் எழுப்புங்க, யாராவது நடுவுல ஒரு எண்ணை வச்சு அனுப்பினா பையூனிகோட்_டேட்டா எதையோ படிக்கும்.

இன்னொண்ணு. பைடிக்ட்_கெட்ஐட்டம் தேடும்போது நடுவுல எர்ரர் வந்தா அதை முழுங்கிட்டு "இல்ல"ன்னு சொல்லிடும். பைடிக்ட்_கெட்ஐட்டம்வித்எர்ரர் வாங்கிப் பழகுங்க. 3.13ல பைடிக்ட்_கெட்ஐட்டம்ரெஃப், பைலிஸ்ட்_கெட்ஐட்டம்ரெஃப்னு ரெண்டு வந்திருக்கு, ரெண்டும் இரவல் தராது, சொந்தப் பங்கே தரும். டிக்ட்டோடது கிடைச்சா 1, இல்லன்னா 0, எர்ரர்னா -1ன்னு தெளிவா சொல்லும். 3.13ல ஜிஐஎல் இல்லாத பில்ட் ஒண்ணும் சோதனை முறையா விட்டாங்க, அதுல நீங்க இரவல் வாங்கின அடுத்த நொடியே இன்னொரு த்ரெட் லிஸ்ட்டை மாத்திடலாம், அதனாலதான் இந்த மாதிரி ஃபங்ஷன்கள் தேவைப்பட்டது. 3.12ல வேணும்னா பைத்தான்கேபிஐ கம்பேட்னு ஒரு ஹெடர் ஃபைல் இருக்கு, அதை சேர்த்துகிட்டா பழைய வெர்ஷன்லயும் இதே பேர்ல எழுதலாம்.

---

எழுத்தெண்ணி எழுதியது:

கட்டம் முறைல எழுதி முடிச்சுட்டேன்! நம்பவே முடியல, இப்ப ஃபைலைப் படிச்சு ஸ்ப்ளிட் பண்ற நேரம்தான் பெருசு, எண்ற நேரம் கண்ணுக்கே தெரியல. மெமரி ஒரே மட்டத்துல நிக்குது. சரி பார்க்கறதுக்கு துணைநூல் சொன்ன கவுன்ட்டர் முறைலயும் ஒரு தடவை எண்ணி ரெண்டு டிக்டையும் ஒப்பிட்டேன், முதல்ல பொருந்தல. அப்புறம்தான் பார்த்தேன், ஃபைல்ல சில இடத்துல இடைவெளிக்கு அப்புறம் குறி தனியா நிக்குது, என் லூப் அதையும் அடிப்படை எழுத்தா எண்ணிடுச்சு. தனியா நிக்கற குறிய தாண்டற மாதிரி மாத்தினதும் ரெண்டும் ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்திடுச்சு. க்ஷவுக்கு தனி பட்டன் இல்ல, சித்தப்பாகிட்ட கேட்டேன், அவர் பேர்லயோ எங்க யாரு பேர்லயோ வரல, வேண்டாம்னுட்டார். ஸ்ரீ மட்டும் வேணுமாம், கடிதம் ஆரம்பிக்க.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. கடைசில டிக்டை ரிட்டர்ன் பண்றேன்ல, அதை நான்தான் பைடிக்ட்_நியூ போட்டு உருவாக்கினேன், அப்ப அது என் சொந்தம், ரிட்டர்னுக்கு முன்னாடி டெக்ரெஃப் போடணுமா? இப்ப போட்டு வச்சிருக்கேன், ஓடுது, ஆனா பயமா இருக்கு.

---

பழைய_சி_கை பதில்:

உடனே எடுங்க தம்பி. ரிட்டர்ன் பண்ணும்போது உங்க பங்கு அப்படியே கூப்பிட்டவர் கைக்கு போயிடுது, அதுக்கு முன்னாடி டெக்ரெஃப் பண்ணா செத்த டிக்டை கைல கொடுக்கறீங்க. இப்ப ஓடுதுன்னா அந்த மெமரிய இன்னும் வேற யாரும் எடுத்துக்கலங்கறது மட்டும்தான். நடுவுல எர்ரர் வந்து NULL (காலி பாயிண்டர்) ரிட்டர்ன் பண்ற வழில மட்டும் டிக்டை டெக்ரெஃப் பண்ணணும், 128 கேபி கட்டத்தை ரெண்டு வழிலயும் விடுவிக்கணும்.

---

எழுத்தெண்ணி எழுதியது:

எடுத்துட்டேன் அண்ணே. யாழ்_இரவு சொன்ன மாதிரி டீபக் பில்ட் கட்டி பத்து தடவை கூப்பிட்டுப் பார்த்தேன், மொத்த எண் கூடவும் இல்ல குறையவும் இல்ல. நாளைக்கு ஞாயிறு, சித்தப்பா வீட்டுக்கு போறேன், முதல் வரிசை பட்டன் எட்டையும் வச்சு அவரை அடிச்சுப் பார்க்க சொல்லப் போறேன்.